நீரை இறைக்காமல் குழி இறக்கியவர்கள்: சுரங்கங்களுக்கான முதல் துளையிடும் பொறிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட முற்பட்டவர்களுக்குக் கரி எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பது பல இடங்களில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதை எட்டவிடாமல் தடுத்தது, அதன் மேல் மூடிக்கிடந்த பாறைகளில் தேங்கியிருந்த நீர்தான். பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் இங்கிலாந்தின் டர்ஹாம் கரையோரத்திலும் கரிப்படிவங்களுக்கு மேலே சுண்ணப்பாறை, மணற்கல், களிமண், தளர்ந்த மணல் என்று இளைய அடுக்குகள் நூறு மீட்டருக்கும் அதிகமான தடிமனில் படிந்திருந்தன. அவற்றின் வெடிப்புகளிலும் துளைகளிலும் நீர் நிறைந்திருந்தது. வெடிமருந்தும் கடப்பாரையும் கொண்டு கையால் குழி இறக்கும் பழைய முறை, குழியின் அடியில் ஆட்கள் நிற்க இடம் இருந்தால் மட்டுமே நடக்கும். ஆட்கள் நிற்க வேண்டுமானால் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த இறைப்பு எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்கு டர்ஹாமின் மர்ட்டன் சுரங்கம் சான்று. அங்கே 1838 முதல் 1843 வரை குழி இறக்கியபோது, சுண்ணப்பாறைக்குக் கீழே இருந்த மணல் அடுக்கைக் கடக்க நிமிடத்துக்கு 9,000 கேலனுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 42,000 லிட்டர் நீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு நீராவி எந்திரங்களையும் குழாய்களையும் ஒரே குழிவாயைச் சுற்றி நிறுத்தும் பணவசதி எல்லா நிறுவனங்களுக்கும் இருக்கவில்லை. பணம் இருந்தாலும் இறைப்பதே இடரைப் பெருக்கியது. குழிக்குள் நீர்மட்டம் தாழும்போது வெளியே பாறையில் நிற்கும் நீரின் அழுத்தம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நீரை இன்னும் வேகமாக உள்ளே தள்ளும். வரும் நீர் மணலை அரித்துக்கொண்டு வரும். மணல் போன இடத்தில் சுவருக்குப் பின்னே வெற்றிடம் உண்டாகும். பிறகு சுவர் சரியும். 1897 மார்ச்சில் இங்கிலாந்தின் டோவர் அருகே புதிய நிலக்கரிக் குழி ஒன்றில் திடீரென்று நீர் பொங்கி எட்டுத் தொழிலாளர்கள் மூழ்கி இறந்தது, இந்த முறையின் ஆபத்து அந்த நூற்றாண்டின் இறுதிவரை தீராமல் இருந்ததைக் காட்டுகிறது.

ஆகவே செங்குத்துக் குழிகளைத் துளைக்கும் பொறிகளின் கதையைப் பாறையை உடைக்கும் கருவிகளின் கதையாக மட்டும் சொல்வது போதாது என்று கருதுகிறேன். பாறையை உடைக்கும் கருவி ஏற்கெனவே கைவசம் இருந்தது. குழியை நீரால் நிறைந்தபடியே விட்டுவிட்டு எல்லா வேலையையும் மேலிருந்து செய்வது என்ற துணிவும், அப்படித் துளைத்த குழிக்கு நீருக்குள்ளேயே சுவர் கட்டும் வழியும்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தன.

கருவியின் மரபு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வந்தது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உப்புநீருக்காகத் துளையிட்டவர்கள் மூங்கில் வடத்தில் தொங்கவிட்ட இரும்பு உளியை மேலும் கீழும் இடிக்கச் செய்து, பல தலைமுறை உழைப்பில் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போய், 1835இல் ட்சிகோங் நகரின் ஷென்ஹாய் கிணற்றில் 1,001 மீட்டரை எட்டினர். ஐரோப்பியத் துளையாளர்கள் வடத்துக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளை ஒன்றோடொன்று திருகி இணைத்துப் பயன்படுத்தினர். தண்டைத் திருப்பி உளியின் திசையை மாற்ற முடிந்தது அதன் நன்மை. ஆழம் கூடக்கூடத் தண்டுத் தொடரின் எடை உளியின் எடையைப் பல மடங்கு மிஞ்சியதும், ஒவ்வொரு இடியிலும் அந்த நீண்ட தொடர் முழுவதும் அதிர்ந்து முறிந்ததும் அதன் தீமை. பாரிசின் கிரெனெல் கிணற்றைத் துளையாளர் முலோ 1833 முதல் 1841 வரை 548 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியபோது, நடுவில் தண்டு முறிந்து உளியோடு அடியில் விழுந்தது. அதை வெளியே எடுக்க மட்டும் ஓராண்டுக்கு மேல் ஆனது.

இதற்கு முதல் தீர்வைக் கண்டவர் பிரஷ்யச் சுரங்க அதிகாரி கார்ல் ஃபான் ஓயன்ஹவுசன். 1834இல் அவர் உளிக்கும் தண்டுக்கும் நடுவே ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இணைப்பைப் புகுத்தினார். உளி பாறையில் மோதி நின்ற பின்னும் தண்டு சிறிது தூரம் கீழே இறங்க இடம் கிடைத்ததால், மோதலின் அதிர்ச்சி தண்டில் ஏறவில்லை. சாக்சனியில் பிறந்த துளையாளரான கார்ல் கோட்ஹெல்ஃப் கிண்டு இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு சென்றார். அவருடைய அமைப்பில் உளியை ஒரு கொக்கி பற்றியிருக்கும். கொக்கிக்கு மேலே ஒரு வட்டத் தட்டு இருக்கும். தண்டு உச்சிக்குப் போய்க் கீழே திரும்பத் தொடங்கும் கணத்தில் துளையிலுள்ள நீர் அந்தத் தட்டைத் தடுத்து நிறுத்த, கொக்கி திறந்துகொள்ள, உளி மட்டும் தன் எடையால் விழும். பிறகு தண்டு நிதானமாக இறங்கி உளியை மீண்டும் பற்றிக்கொள்ளும். துளையில் நிற்கும் நீரை இடையூறாகக் கருதாமல் பொறியின் ஓர் உறுப்பாகவே மாற்றிய இந்தச் சிந்தனை, கிண்டின் பிற்கால வேலை முழுவதிலும் தொடர்கிறது. லக்சம்பர்கின் மோண்டோர்ஃபில் 1840களில் அவர் இறக்கிய கிணறு 730 மீட்டரை எட்டியது.

குறுகிய விட்டத்தில் 700 மீட்டர் போக முடியுமானால், நான்கு மீட்டர் விட்டத்தில் 100 மீட்டர் ஏன் போக முடியாது என்பதே கிண்டு அடுத்துக் கேட்ட கேள்வி. 1840களின் இறுதியில் மோசெல் பகுதியின் ஃபோர்பாக் அருகே, ஸ்டிரிங் சுரங்கப் பகுதியில் அவர் அதை முயன்றார். பாறை உடைந்தது, குழியும் இறங்கியது. ஆனால் அதற்குள் அவர் இறக்கிய உறை, பீப்பாய்ப் பலகைகள் போல் இணைத்த மரத்தாலானது. அது நீரைத் தடுக்கவில்லை. துளைப்பதில் வென்ற மனிதர் சுவர் கட்டுவதில் தோற்றார். சில ஆண்டுகள் கழித்து இதே பாடம் பாரிசில் அவருக்கு இன்னும் கடுமையாகக் கிடைத்தது. 1855இல் அந்நகரின் பாஸி (Passy) பகுதியில் தொடங்கிய கிணறு வழக்கத்தைவிட அகலமானது. ஓராண்டில் முடித்துவிடலாம் என்ற மதிப்பீட்டோடு தொடங்கிய அது 1857இல் 528 மீட்டரை எட்டியிருந்தது. அப்போது மேல்மட்டக் களிமண் அடுக்கு அழுத்தியதில் தகட்டு இரும்புக் குழாய் நசுங்கிப் போனது. நசுங்கிய இடம் தரையிலிருந்து சில பத்து மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. ஆயினும் அதைச் சரிசெய்ய, கிணற்றைச் சுற்றி மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு குழியைக் கையால் இறக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1861 செப்டம்பரில்தான் 586 மீட்டர் ஆழத்தில் நீர் பீறிட்டது.

சுவர்ச் சிக்கலைத் தீர்த்தவர் பெல்ஜியச் சுரங்கப் பொறியாளர் ஜோசஃப் ஷோத்ரோன். கிண்டின் துளையிடும் முறையை ஏற்றுக்கொண்டு, மர உறையைத் தூக்கியெறிந்துவிட்டு, வார்ப்பிரும்பு உறையையும் அதை நீருக்குள் இறக்கி அமர்த்தும் வழிமுறையையும் அவர் சேர்த்தார். 1850களின் நடுவில் பெல்ஜியத்தின் பெரோன் என்ற ஊரில் முதல் குழி இந்த முறையில் வெற்றிகரமாக இறங்கியது. அதன்பின் இருவர் பெயரையும் சேர்த்துக் கிண்டு-ஷோத்ரோன் முறை என்றே அது வழங்கலாயிற்று.

பொறியைச் சற்று அருகே சென்று பார்ப்போம். குழிவாயின் மேலே மரத்தாலான உயர்ந்த கோபுரம் நிற்கும். அதன் பக்கத்தில் கனத்த மரத்தில் செய்த துலா. துலாவின் ஒரு முனையில் நீராவி உருளையின் பிஸ்டன் இணைந்திருக்கும். மறுமுனையிலிருந்து சங்கிலி வழியே தண்டுத் தொடர் குழிக்குள் தொங்கும். உருளைக்குள் நீராவி ஒரு பக்கம் மட்டுமே செல்லும். அது பிஸ்டனை அழுத்தத் துலாவின் அந்த முனை தாழும், மறுமுனை உளியைத் தூக்கும். நீராவியை வெளியே விட்டதும் உளி தன் எடையால் விழும். வால்வைத் திறந்து மூடுவது தானாக நடப்பதன்று. ஒருவர் கையால் இயக்குவார், ஒவ்வொரு இடியையும் அவரே தீர்மானிப்பார். அடியில் உளி சிக்கிக்கொண்டதா, பாறை மென்மையானதா என்பதைத் துலாவின் அசைவிலிருந்தே உணர்ந்து அடுத்த இடியின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவரால் முடிந்தது. கண்ணால் பார்க்க வழியே இல்லாத ஓரிடத்தில் நடக்கும் வேலைக்கு இந்தக் கைவாகு இன்றியமையாதது.

தண்டுகள் இரும்பாலானவை அல்ல, பைன் மரத்தாலானவை. முனைகளில் மட்டும் இரும்புப் பூணும் திருகும் இருக்கும். பார்ப்பவருக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். ஆனால் பைன் மரம் நீரில் மிதப்பது. இரும்புப் பூண்களின் எடையை மரத்தின் மிதப்பு பெருமளவு ஈடுகட்டிவிடும். எனவே குழி நீரால் நிறைந்திருக்கும்வரை, எவ்வளவு நீளமான தண்டுத் தொடரும் துலாவுக்குப் பெருஞ்சுமையாவதில்லை. தூக்க வேண்டியது உளியை மட்டுமே.

அந்த உளியைத் துளையாளர்கள் ட்ரெபான் என்றனர். அது அடித்து உருவாக்கிய தேனிரும்பாலான பெரிய சட்டம். அதன் கீழ்விளிம்பில் எஃகுப் பற்கள் குழிகளில் செருகி ஆப்பிட்டு இறுக்கப்பட்டிருக்கும். சிறிய ட்ரெபான் ஏறத்தாழ 1.4 மீட்டர் அகலமும் எட்டு டன் எடையும் உடையது. பெரியது நான்கு மீட்டரைத் தாண்டிய அகலமும் அதைப்போல் இரண்டு மடங்கு எடையும் கொண்டது. முதலில் சிறியதைக் கொண்டு குழியின் நடுவில் ஒரு வழித்துளையை இறக்குவார்கள்; பிறகு பெரியதைக் கொண்டு அதை முழு விட்டத்துக்கு அகலமாக்குவார்கள். பெரிய ட்ரெபானின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வழிகாட்டிச் சட்டம் ஏற்கெனவே இருக்கும் துளைக்குள் நுழைந்து, உளி பக்கவாட்டில் விலகாதபடி காக்கும். அதன் பற்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் நடுவை நோக்கிச் சரிவாக அமைந்திருப்பதால் குழியின் அடிப்பரப்பும் சரிவாகவே உருவாகும். உடைந்த கல் உருண்டு நடுத்துளைக்குள் விழும். அங்கே அடைப்பிதழ் பொருத்திய இரும்பு வாளியை இறக்கி அதை அள்ளி எடுப்பார்கள். நடுத்துளை எப்போதும் பத்து மீட்டருக்குக் குறையாமல் முன்னே போய்க்கொண்டிருந்ததற்கு இந்தக் கழிவுச் சேமிப்பும் ஒரு காரணம்.

எட்டு டன் உளி 30 சென்டிமீட்டர் விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 23 கிலோஜூல், அது 1.4 மீட்டர் நீள வெட்டுமுனையில் பரவுகிறது. 16 டன் உளி அதே உயரம் விழுந்தால் 47 கிலோஜூல். ஆனால் அது நான்கு மீட்டருக்கு மேற்பட்ட வெட்டுமுனையில் பரவ வேண்டும். அதாவது ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் பங்கு, பெரிய உளியில் குறைவு. அதே நேரத்தில் உடைக்க வேண்டிய பரப்போ பல மடங்கு அதிகம்: 1.4 மீட்டர் விட்டத்தின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர்தான், 4.3 மீட்டர் விட்டத்தின் பரப்பு பதினான்கரைச் சதுர மீட்டர். மேடையில் நிற்கும் ஆட்கள் குறுக்குக் கம்பைப் பிடித்து ஒவ்வோர் இடிக்கும் தண்டைச் சிறிது திருப்புவார்கள். வெளிப்பல் ஒரு முறைக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்வதாகக் கொண்டால், 13.5 மீட்டர் சுற்றளவை இரு பக்க வெட்டுமுனைகளும் பங்கிட்டு ஒரு முறை முடிக்க 135 இடிகள் வேண்டும். நிமிடத்துக்குப் பத்து இடி என்றால் ஏறத்தாழக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் கடினப் பாறையில் குழி ஆழமாகும் அளவு மிகச் சொற்பம். பெரிய உளியைக் கொண்டு நல்ல நாளிலும் ஒரு மீட்டரை எட்டுவது அரிது என்பதில் வியப்பில்லை.

வெளிப்பற்களே மற்றவற்றைவிட விரைவில் தேயும். அவை தேய்ந்தால் குழி கீழே போகப்போகக் குறுகும். புதிய பற்களோடு இறங்கும் உளி அந்தக் குறுகிய இடத்தில் சிக்கும். எனவே விட்டத்தை அடிக்கடி அளந்து சரிபார்ப்பது விதியாக இருந்தது. பல் உடைந்து அடியில் விழுந்தால் அதை அப்படியே விட்டு மேலே இடிக்க முடியாது. எஃகின் மேல் எஃகு மோதி மற்றப் பற்களும் போகும். ஆகவே ஒவ்வொரு துளைத்தளத்திலும் தூண்டில் கருவிகள் என்று ஒரு தனிக் கூட்டமே இருந்தது. முறிந்த தண்டை வளைத்துப் பிடிக்கும் கொக்கி, விழுந்த பல்லை அள்ளிப் பற்றும் நகவிரல்கள் கொண்ட கவ்வி, கழன்ற திருகை மேலிருந்தே மீண்டும் மாட்டும் மணிவடிவக் குவளை ஆகியவை அவற்றுள் சில. இருண்ட நீருக்கடியில், நூறு மீட்டர் தண்டின் முனையில், கைதொட்டு உணர முடியாத ஒரு கருவியால் தொலைந்ததைத் தேடி எடுத்த அந்தத் துளையாளர்களின் பொறுமையைப் பொறியின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இனி உறை. குழி நீர்புகாத கெட்டியான அடுக்கு ஒன்றை எட்டியதும் துளைப்பது நிற்கும். அதன் அடிப்பரப்பைச் சமமாகச் செதுக்கி ஒரு திண்ணையை உருவாக்குவார்கள். மேலே, ஒன்றரை மீட்டர் அளவு உயரமுள்ள வார்ப்பிரும்பு உறைகளைக் கோபுரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் ஈயத்தகடு கொடுத்து, உட்புற விளிம்புகளில் போல்ட் போட்டு இறுக்கி, படிப்படியாக நீருக்குள் இறக்குவார்கள். ஒவ்வோர் உறையும் இணைப்பே இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டு, விளிம்புகள் கடைசல் பிடிக்கப்பட்டு, நீரழுத்தச் சோதனைக்கு உட்பட்டு வந்தது. நூறு மீட்டர் ஆழத்தில் வெளிநீர் பத்து வளிமண்டல அழுத்தத்தோடு சுவரை நெருக்கும். அங்கே ஒரு மயிரிழை வெடிப்பும் பொறுக்கப்படாது.

இத்தனை இரும்பை எதில் தொங்கவிடுவது? ஷோத்ரோனின் விடை, தொங்கவிடாமல் மிதக்கவிடுவது என்பதாகும். உறைத்தொடரின் அடிப்பகுதியில் ஒரு குவிமாட மூடியைப் பொருத்தி அடைத்தார். அதன் நடுவிலிருந்து ஒரு குழாய் மேல்நோக்கிச் செல்லும். நான்கு மீட்டர் விட்டமுள்ள உறை நீருக்குள் ஒரு மீட்டர் இறங்கினால் விலக்கும் நீரின் எடை பன்னிரண்டரை டன். நான்கு சென்டிமீட்டர் தடிமன் என்று கொண்டால், விளிம்புகளையும் சேர்த்து அதே ஒரு மீட்டர் உறையின் எடை ஏறத்தாழ நாலரை டன்தான். ஆகவே அடியை அடைத்த உறை மூழ்க மறுக்கும். நடுக்குழாயில் உள்ள திருகுவால்வுகளைத் திறந்து, வேண்டிய அளவு நீரை மட்டும் உறைக்குள் விட்டு அதை அமிழ்த்தினார்கள். இந்தக் கணக்கின்படி 150 மீட்டர் உயர உறைத்தொடர் 700 டன் அளவுக்கு வரும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் திருகுத் தண்டுகள் சுமக்க வேண்டியது அதில் ஒரு சிறு பகுதியே. அந்தக் காலத்துத் தூக்கும் எந்திரம் எதனாலும் செய்ய முடியாத வேலையை ஒரு குழாயும் சில வால்வுகளும் செய்து முடித்தன. இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான்.

அடியில் நீர் கசியாமல் அடைப்பதற்குப் பாசிப்பெட்டி என்ற அமைப்பு. தொடரின் கடைசி உறை மேலுள்ள உறையின் மேல் சறுக்கும்படி இருக்கும். இரண்டின் வெளிவிளிம்புகளுக்கும் இடையே காய்ந்த பாசியை வலையால் கட்டித் திணித்திருப்பார்கள். கீழ்விளிம்பு திண்ணையில் அமர்ந்ததும் மேலுள்ள நூற்றுக்கணக்கான டன் எடை பாசியை நசுக்கும். நசுங்கிய பாசி பக்கவாட்டில் பிதுங்கிப் பாறைச் சுவரோடு இறுகும். பிறகு உறைக்கும் பாறைக்கும் நடுவேயுள்ள வளைய இடைவெளியில், நீரில் இறுகும் காரையைக் குறுகலான கலன்களால் இறக்கி நிரப்புவார்கள். காரை இறுகுவதற்குச் சில வாரங்கள் காத்திருந்த பின்னரே உறைக்குள் இருக்கும் நீரை இறைப்பார்கள். அப்போது இறைப்பது, வெளியிலிருந்து ஊறாத, அளவு தெரிந்த நீரை. நீர் வற்றியதும் ஆட்கள் முதன்முறையாகக் குழிக்குள் இறங்கி, குவிமாடத்தைக் கழற்றி, பாசிப்பெட்டிக்குக் கீழே உலர்ந்த பாறையில் இன்னொரு தாங்குவளையத்தைக் கட்டிய பின், வழக்கமான கைம்முறையில் குழியைத் தொடர்வார்கள். காரையே நீரைத் தடுக்கப் போதுமானது என்று அனுபவத்தில் தெரிந்ததால், பிற்காலத்தில் சில குழிகளில் பாசிப்பெட்டியே கைவிடப்பட்டது.

லொரேனின் லோபிதால் குழிகளில் இந்த முறை பெற்ற வெற்றி, 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இதற்குப் பரவலான கவனத்தைப் பெற்றுத் தந்தது. அது ரூர் பகுதிக்கும், 1870களில் இங்கிலாந்துக்கும் சென்றது. டர்ஹாம் கரையோரத்தின் விட்பர்ன் சுரங்கத்தில், கடலோரச் சுண்ணப்பாறையின் நீர் சாதாரண முறையில் தொடங்கிய குழியை முடக்கிவிட்ட பிறகு, அதை மீட்டது இதுவே. நீர் பொங்கி உயிர் குடித்த அந்த டோவர் குழிகளிலும் பின்னர் இதையே நாடினார்கள்.

ஆனால் எல்லைகளும் தெளிவாகத் தெரிந்தன. ஒரே வார்ப்பான உறையை ரயில் வண்டியில் கொண்டுவர வேண்டியிருந்ததால் குழியின் விட்டம் நாலரை மீட்டரைத் தாண்டுவது கடினம். கரி உற்பத்தி பெருகப் பெருக அது போதவில்லை. இரண்டு கட்டமாகத் துளைப்பதில் காலம் கழிந்தது. அதைச் சுருக்க, லிப்மான் என்பவர் ஆங்கில Y எழுத்து வடிவில் கிளைத்த வெட்டுமுனைகளைக் கொண்ட உளியால் முழு விட்டத்தையும் ஒரே கட்டத்தில் துளைக்க முயன்றார். எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை, குழிச்சுவர் உறை வரும்வரை தானாக நிற்கும் பாறையாக இருக்க வேண்டும் என்பது. சுண்ணப்பாறை நிற்கும், தளர்ந்த மணல் நிற்காது.

மணலுக்கு வேறு வழி தேடப்பட்டது. ரைன் ஆற்றின் இடக்கரையில் ஹோம்பெர்கில் 1857இல் ஃபிரான்ஸ் ஹானியல் தொடங்கிய ரைன்பிராய்சன் சுரங்கத்தின் முதல் குழி, புதைமணலோடு போராடியே இருபது ஆண்டு அளவுக்கு இழுத்தது. அங்கே கல்லால் கட்டிய உறையைத் தன் எடையால் மணலில் அமிழச் செய்து, உள்ளே நீருக்கடியில் சுழலும் தண்டின் கைகளில் கட்டிய பைகளால் மணலை அள்ளினார்கள். இடிப்பதை விட்டுச் சுழல்வதற்கு மாறியது அந்தப் பைத்துளைப்பான். இந்த வழியை முழுமையாக்கியவர் ஃபிரீட்ரிக் ஹோனிக்மான். 1890களில் நெதர்லாந்தின் லிம்பர்கில் ஹேர்லன் அருகே குழி இறக்கியபோது அவர் குழியைத் தெளிந்த நீருக்குப் பதிலாகக் களிமண் குழம்பால் நிரப்பினார். நீரைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடிய குழம்பு, நூறு மீட்டர் ஆழத்தில் வெளிநீரைவிட இரண்டு வளிமண்டலம் கூடுதலாகச் சுவரைத் தாங்கும். சுவரில் மெல்லிய களிப்பூச்சாகவும் படிந்து மணலைக் கட்டிப்போடும். வெட்டுச் சக்கரத்தைச் சுழற்றிய தண்டு உள்ளீடற்றது. அதன் கீழ்ப்பகுதியில் அழுத்தக் காற்றைச் செலுத்தினால் குமிழிகள் கலந்த குழம்பு இலேசாகி மேலே விரையும், உடைந்த துகள்களையும் வாரிக்கொண்டு போகும். வாளியை இறக்கி ஏற்றுவதற்காகத் துளைப்பதை நிறுத்த வேண்டிய தேவை அதோடு ஒழிந்தது.

இவ்வளவு சிறப்பிருந்தும் பெரும்பாலான நீர்மிகு குழிகளை நூற்றாண்டின் முடிவில் வென்றெடுத்தது துளைப்பு முறை அல்ல, உறைய வைக்கும் முறை. அதற்கும் முன்பே 1839 அளவில் பிரான்சில் ட்ரிஜேர் என்ற பொறியாளர் அழுத்தக் காற்றால் நீரைத் தள்ளிவிட்டு ஆட்களை இறக்கிக் காட்டியிருந்தார். மனித உடல் பொறுக்கும் அழுத்தம் முப்பது மீட்டர் அளவோடு முடிந்துவிடுவதால் அது ஆழத்துக்கு உதவவில்லை. 1883இல் ஜெர்மனியின் போயட்ஷ் காப்புரிமை பெற்ற முறையில், குழியைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகளை இறக்கி, அவற்றின் குழாய்களில் குளிர்ந்த உப்புக்கரைசலை ஓடவிட்டு, நிலத்தையே பனிச்சுவராக்கினார்கள். உள்ளே ஆட்கள் உலர்ந்த நிலத்தில் நின்று விரும்பிய விட்டத்துக்குத் தோண்டலாம். உறையைத் துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தலாம். விட்டத்தின் எல்லை அதோடு நீங்கியது. ஆயினும் அந்த முறை நின்றதும் துளையாளரின் கைத்திறன் மேல்தான். வட்டத்தின் துளைகளில் ஒன்று ஆழத்தில் கோணி விலகினால் பனிச்சுவரில் இடைவெளி விழும், அதன் வழியே நீர் பாயும்.

நீர்த்தொல்லை குறைந்த கடினப் பாறையில் வேறொரு கிளை வளர்ந்தது. 1863இல் லெஷோ என்ற பொறியாளர் உருவாக்கிய வைர முனைத் துளைப்பானைக் கொண்டு, 1870களில் பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில் அருகே, வெடித்துளைகளை முன்கூட்டியே நூறு மீட்டர் அளவு நீளத்துக்கு இறக்கி, மணலால் நிரப்பிவைத்து, சிறிது சிறிதாக மேலிருந்து வெடித்து இறங்கிச் சென்றார்கள். முழுக் குழியையும் வெடியில்லாமல் துளைப்பது, 1930களில் கலிபோர்னியாவின் கிராஸ் வேலியில் ஐடஹோ மேரிலாண்டு தங்கச் சுரங்கத்தில் நியூசம் என்ற பொறியாளரின் பொறியால் கைகூடியது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை சுழல, அதன் விளிம்பின் கீழ் தூவிய கடினமான எஃகுக் குண்டுகள் பாறையை வட்டமாக அரைத்தன. நடுவில் நின்ற பாறைத் தூணை உடைத்து முழுத் துண்டாக வெளியே தூக்கினார்கள். இயக்குபவர் பொறியோடு குழிக்குள்ளேயே இறங்கி அமர்ந்து வேலை செய்தார். 300 மீட்டருக்கும் மேல் அந்தக் குழி சென்றது. வட்டத்தின் விளிம்பை மட்டும் அரைத்தால் போதும் என்பதால், கிண்டின் உளி பதினான்கு சதுர மீட்டரையும் பொடியாக்கச் செலவிட்ட உழைப்பு இங்கே தேவைப்படவில்லை.

ஹோனிக்மானின் முறையும் வழக்கொழிந்துவிடவில்லை. 1950களில் லிம்பர்கின் பீயட்ரிக்ஸ் சுரங்கத்துக்காகச் சுமார் 500 மீட்டர் ஆழத்துக்கு அதே வழியில் குழி துளைத்தார்கள். 1960களில் அமெரிக்காவின் நெவாடா சோதனைத் தளத்தில் அணுகுண்டுகளைப் புதைப்பதற்கான பெரிய விட்டத் துளைகளை இறக்கியபோதும், சுழலும் வெட்டுமுனையையும் அழுத்தக் காற்றால் துகளை மேலேற்றும் உள்ளீடற்ற தண்டையும் பயன்படுத்தினார்கள். திரவம் நிறைந்த குழியை ஆள் இறங்காமல் துளைத்து, அடியை மூடிய எஃகு உறையை அதில் மிதக்கவிட்டு, உள்ளே நீர் விட்டு அமிழ்த்தி, வெளி இடைவெளியில் சிமெண்டு நிரப்பும் முறையில் இன்றும் சுரங்கங்களுக்குக் குழிகள் இறங்குகின்றன.